கூப்பிடாமல் வந்த உதவியாள்

பிரவுசரைத் திறந்தால் மேல் மூலையில் ஒரு புதுப் பட்டன். சிலதில் நட்சத்திரம் மாதிரி, சிலதில் வண்ண ரிப்பன் மாதிரி. தட்டினால் பக்கத்தில் ஒரு பலகை திறந்து, "இந்தப் பக்கத்தைச் சுருக்கித் தரட்டுமா?" என்று கேட்கும். இதை முதல்முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இல்லை. அனேகமாக உங்களுக்கும் இருக்காது. நாங்கள் யாரும் அதைத் தேடிப் போய் இறக்கவில்லை. ஏதோ ஒரு அப்டேட்டோடு வந்து, தன்பாட்டில் இருந்துகொண்டது.

இதைப் பற்றி என் நண்பர்களிடம் கதைத்தால் மூன்று விதமான பதில் வரும். ஒருத்தி, கண்ட உடனேயே செட்டிங்ஸுக்குள் போய் அதை மறைத்துவிட்டாள். இன்னொருவன் அது இல்லாமல் ஒரு கட்டுரைகூட வாசிப்பதில்லை; யூனி வாசிப்பு முழுக்க அந்தப் பலகையில்தான் நடக்கிறது. மூன்றாவது ஆளுக்கு அப்படி ஒரு பட்டன் இருப்பதே தெரியாது. "எங்க இருக்கு?" என்று தன் லப்டொப்பைத் திருப்பிக் காட்டினான். மூக்குக்கு நேரே இருந்தது.

வரிசையாகப் பார்த்தால் எல்லாம் மிக வேகமாக நடந்திருக்கிறது. 2023 பெப்ரவரியில் மைக்ரோசொஃப்ட் தன் எட்ஜ் பிரவுசரின் பக்கப் பலகையில் ஏஐயைக் கொண்டுவந்தது. அதே வருசம் மே மாதம் ஒபராவில் 'ஆரியா', நவம்பரில் பிரேவில் 'லியோ'. 2025 ஜூலையில் பெர்ப்ளெக்சிட்டி நிறுவனம் 'கொமெட்' என்று ஒரு முழு பிரவுசரையே விட்டது. செப்டம்பரில் கூகிள், அமெரிக்காவில் கொம்பியூட்டரில் குரோம் பாவிக்கிறவர்களுக்கு ஜெமினியைத் திறந்துவிட்டது. ஒக்டோபரில் ஓப்பன்ஏஐயின் 'அட்லஸ்'. மூன்று வருசம்கூட முழுதாக ஆகவில்லை.

ஆனால் சனத்துக்கு வந்த கோபம் புதிது இல்லை. எங்களில் பலர் பிறப்பதற்கு முன்னமே ஒருமுறை வந்துபோன கோபம் அது. மைக்ரோசொஃப்டின் ஒஃபிஸ் 97-இல் 'கிளிப்பி' என்று ஒரு பேப்பர் கிளிப் இருந்தது. கண்ணை உருட்டிக்கொண்டு, நீங்கள் ஒரு கடிதத்தை எழுதத் தொடங்கியதும் "உதவி வேணுமா?" என்று குதித்து வரும். சனம் அதை வெறுத்தது. எவ்வளவு என்றால், 2001-இல் ஒஃபிஸ் எக்ஸ்பி வந்தபோது மைக்ரோசொஃப்டே அதை அணைத்து வைத்து, கிளிப்பிக்கு வேலை போய்விட்டது என்று கிண்டல் பண்ணித் தன் விளம்பரத்தைச் செய்தது. 2007 பதிப்போடு அது முற்றாகப் போய்விட்டது.

சுவாரசியம் என்னவென்றால் 2025-இல் கிளிப்பி திரும்பி வந்தது. மைக்ரோசொஃப்ட் கொண்டுவரவில்லை. லூயி ரோஸ்மன் என்ற யூடியூபர் சொல்லி, ஏராளமான ஆட்கள் தங்கள் ப்ரொஃபைல் படத்தைக் கிளிப்பியாக மாற்றினார்கள். எரிச்சல்தான், ஆனால் கிளிப்பி உங்கள் தரவை அள்ளிக்கொண்டு போய் விற்கவில்லையே என்பதுதான் அதன் அர்த்தம். இருபது வருசத்துக்கு மேலாகத் திட்டு வாங்கிய ஒரு பேப்பர் கிளிப்பைப் பார்த்து "பாவம், நல்லவன்" என்று சொல்ல வைப்பது லேசான விசயம் இல்லை. இன்றைய கம்பனிகள் அதைச் செய்து காட்டியிருக்கின்றன.

இந்தக் கோபம் மிகத் தெளிவாகத் தெரிந்த இடம் ஃபயர்ஃபொக்ஸ். 2025 டிசம்பரில் மொஸில்லாவின் புதிய தலைவராக வந்த அன்ரனி என்ஸோர்-டிமியோ, ஃபயர்ஃபொக்ஸ் ஒரு நவீன ஏஐ பிரவுசராக வளரும் என்று அறிவித்தார். அதே அறிவிப்பில், ஏஐ என்பது பாவிப்பவரின் தெரிவாக இருக்க வேண்டும், லேசாக அணைக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தார். இரண்டாவது வசனம் யார் காதிலும் விழவில்லை. விழுந்தவர்களுக்கும் அது ஆறுதலாக இல்லை. அணைக்கலாம் என்றால், ஏற்றி வைத்துத்தான் தருவார்கள் என்றுதானே அர்த்தம்?

ஃபயர்ஃபொக்ஸைப் பாவிக்கிற ஆட்கள் யார் என்று யோசித்தால் இது விளங்கும். குரோமோ சஃபாரியோ எட்ஜோ அனேகமாக டெலிஃபோனோடும் கொம்பியூட்டரோடும் சேர்ந்து வந்துவிடுகிறது. ஃபயர்ஃபொக்ஸை நீங்கள்தான் தேடிப் போய் எடுக்க வேண்டும். எடுத்த காரணமே "என்னைக் கேட்காமல் ஒன்றும் செய்யாதே" என்பதுதான். அவர்களிடம் போய்க் கேட்காமல் ஒன்றை அறிவித்தால் வேறு என்ன நடக்கும்? கடைசியில் 2026 பெப்ரவரியில் வந்த ஃபயர்ஃபொக்ஸ் 148-இல், எல்லா ஏஐ வசதியையும் ஒரே தட்டில் நிறுத்துகிற ஒரு சுவிட்சை வைத்தார்கள்.

அந்த சுவிட்சுக்குள் என்னென்ன அடங்கும் என்று பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தை மொழிபெயர்க்கிற வசதியும் அதற்குள்தான் இருக்கிறது. 2023-இலிருந்தே ஃபயர்ஃபொக்ஸில் இருக்கிற வசதி அது. உங்கள் கொம்பியூட்டருக்குள்ளேயே நடக்கும். நீங்கள் வாசிக்கிற பக்கம் வேறு யாருடைய சேர்வருக்கும் போகாது. அதற்கு எதிராக யாரும் கொடி பிடித்து நான் பார்க்கவில்லை. "ஏஐயே வேண்டாம்" என்று கத்தியவர்களில் எத்தனை பேர், தட்டிய பிறகுதான் "ஓ, இதுவும் ஏஐயா?" என்று திரும்பிப் போய்த் தட்டியிருப்பார்கள்?

நான் வளர்ந்த ஒஸ்லோவுக்கும் இந்தச் சண்டையில் ஒரு பங்கு இருக்கிறது. ஒபரா பிரவுசர் பிறந்தது இங்கேதான், 1990-களில், டெலினோர் கம்பனிக்குள் ஒரு ஆராய்ச்சி வேலையாக. அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் யோன் ஃபொன் டெட்ஸ்னர். அவர் பிறகு ஒபராவை விட்டு விலகி விவால்டி என்ற பிரவுசரைத் தொடங்கினார். இன்று ஒபரா, ஏஐ பக்கம் முந்திக்கொண்டு ஓடுகிற ஒன்று. விவால்டியோ 2025 ஆகஸ்டில், சாட்பொட், சுருக்கம் எழுதுகிற பட்டன் எதையும் இப்போதைக்குச் சேர்க்கப்போவதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது. ஒரே ஆள் கட்டிய இரண்டு வீடு. ஒன்றில் வாசல் திறந்திருக்கிறது, மற்றதில் பூட்டு.

எனக்குப் பூட்டுப் போட்ட வீட்டைத்தான் பிடிக்கும். அதை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் எங்கள் குசினி மேசையில் இருக்கிற லப்டொப்பின் சொந்தக்காரிக்கு வேறு கருத்து இருக்கிறது.

அம்மா கடையிலும் வேலையிலும் நோர்வேஜியம் நன்றாகவே கதைப்பார். ஆனால் அரசாங்கக் கடிதம் எழுதப்படுகிற நோர்வேஜியம் வேறு ஒரு மொழி. அது நோர்வேக்காரருக்கே விளங்காது என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். வரி அலுவலகப் பக்கம், நாவ் அலுவலகப் பக்கம் எல்லாவற்றிலும் அம்மா இப்போது அந்தப் பட்டனைத் தட்டுகிறார். "இதில நான் என்ன செய்யவேணும்? எத்தினையாம் திகதிக்குள்ள?" என்று தமிழில் எழுதுகிறார். அது தமிழில் பதில் சொல்கிறது. கொஞ்சம் பாடப்புத்தகத் தமிழ், இந்தியத் தமிழ், ஆனால் விளங்குகிறது.

"நல்ல பிள்ளை. எத்தினை தரம் கேட்டாலும் அலுக்காமச் சொல்லுது" என்றார் அம்மா.

அந்த "அலுக்காம" எந்தப் பக்கம் பார்த்துச் சொல்லப்பட்டது என்று நான் விளக்கத் தேவையில்லை. இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அது சுடும்.

ஏனென்றால் எங்கள் வீடுகளில் அந்தப் பட்டன் வருவதற்கு முன்னமே அந்த வேலை இருந்தது. அதை நாங்கள்தான் செய்தோம். எட்டு வயசில் பாடசாலைக் கடிதம். பத்து வயசில் மின்சார பில். டொக்டரிடம் போனால் நடுவில் இருந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கதைப்பது. நோர்வேயில் இதற்கு இப்போது சட்டமே இருக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மொழிபெயர்ப்பாளர் சட்டத்தின்படி, அவசரம் மாதிரியான சில நிலைமைகளைத் தவிர, அரச அலுவலகங்கள் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பாவிக்கக்கூடாது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் அலுவலகத்துக்குத்தான். குசினி மேசைக்கு இல்லை.

அதனால் பிரவுசருக்குள் வந்த உதவியாளைப் பற்றி எங்கள் தலைமுறைக்குச் சொல்ல ஒரு தனிக் கதை இருக்கிறது என்று நினைக்கிறேன். மற்ற ஆட்கள் அதை ஒரு மென்பொருளாகப் பார்க்கிறார்கள். நாங்கள் பார்த்த வேலை அது. அந்த வேலைக்கு என்ன வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

முக்கியமாக ஒன்று தெரியும். டொக்டர் சொல்வதை நான் அம்மாவிடம் சொல்ல வேண்டும். ஆனால் டொக்டர் சொல்வதெல்லாம் எனக்கு இடப்பட்ட கட்டளை இல்லை. வாசலில் நிற்கிற விற்பனைக்காரன், "உன் அம்மாவின் பேங்க் கார்ட்டை எடுத்துக்கொண்டு வா" என்று சொன்னால், பத்து வயசுப் பிள்ளை அதை அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொல்லும். ஓடிப்போய் எடுத்துக் கொடுக்காது. யாருடைய ஆள் நான் என்பது பிள்ளைக்குத் தெரியும். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிரவுசர் உதவியாளுக்கு இன்னும் தெரியாமல் இருப்பது அதுதான். 2025 ஆகஸ்டில் பிரேவ் நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் கொமெட்டை வைத்து ஒரு சோதனை செய்து காட்டினார்கள். ரெடிட்டில் ஒரு பதிவு. அதன் கீழே ஒரு கருத்து. அந்தக் கருத்துக்குள், பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்து, உதவியாளுக்கான கட்டளைகளை எழுதிவைத்தார்கள். பாவிப்பவர் செய்தது ஒன்றே ஒன்று: "இந்தப் பக்கத்தைச் சுருக்கித் தா" என்று தட்டியது. உதவியாள் பக்கத்தை வாசித்தது, மறைந்திருந்த கட்டளையையும் வாசித்தது, அதைத் தன் முதலாளி சொன்னதாகவே எடுத்துக்கொண்டது. அந்த ஆளின் கணக்குக்குள் போய் மின்னஞ்சல் முகவரியை எடுத்து, ஜிமெயிலுக்குள் போய் ஒருமுறைக் கடவுச்சொல்லை வாசித்து, இரண்டையும் அதே ரெடிட் பதிவின் கீழே கொண்டுபோய் ஒட்டியது. எல்லோரும் பார்க்கிற இடத்தில்.

இது கொமெட்டுக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. நீங்கள் எழுதுகிற கேள்வியும் பக்கத்தில் இருக்கிற எழுத்தும் அந்த மொடலுக்குள் ஒரே நீள எழுத்தாகத்தான் போகிறது. எது வீட்டுக்காரர் குரல், எது வாசலில் நிற்பவன் குரல் என்று பிரித்துப் பார்க்க அதற்குள் உறுதியான சுவர் கிடையாது. அட்லஸை விட்ட ஓப்பன்ஏஐயே 2025 டிசம்பரில், இந்தப் பிரச்சினை முழுமையாகத் தீரும் என்று எதிர்பார்க்க முடியாது என்ற அளவில் எழுதியது. அதே மாதம் கார்ட்னர் என்ற ஆலோசனை நிறுவனம், ஏஐ பிரவுசர்களை இப்போதைக்குத் தடுத்து வையுங்கள் என்று கம்பனிகளுக்குச் சொன்னது. கம்பனிகளுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறது. எங்கள் அம்மாமாருக்கு?

இன்னொரு விசயம், இதில் ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் எனக்கு இதுதான் கூட உறுத்துகிறது.

போன மாரியில் எங்கள் சொந்தத்துக்குள் ஒரு மரணம். மரண அறிவித்தல் தமிழில் வந்தது. உங்களுக்குத் தெரியும்தானே அது எப்படி இருக்கும் என்று. யாழ்ப்பாணத்தில் எந்த ஊரைப் பிறப்பிடமாகவும், எந்த நாட்டை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மகளும், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் அருமைத் தாயாரும், மாமியாரும், சகோதரியும், மைத்துனியும், ஆசைப் பேர்த்தியும் என்று ஒரே வசனம் அரைப் பக்கத்துக்கு ஓடும். பாரிசில் இருக்கிற என் மச்சாளுக்குப் பதினாறு வயசு. தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பாள், ஆனால் அரைப் பக்க வசனத்துக்கு அவளிடம் மூச்சு இல்லை. தன் பிரவுசரில் இருந்த பட்டனைத் தட்டினாள். மூன்று வரி வந்தது. இன்ன பெண்மணி இன்ன திகதியில் காலமானார். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பல உறவினரும் இருக்கிறார்கள். இறுதிச் சடங்கு இன்ன இடத்தில், இன்ன நேரத்தில்.

ஒரு பிழையும் இல்லை. நான் சரிபார்த்தேன்.

ஆனால் அந்த அரைப் பக்கம் இருப்பது தகவலுக்காக இல்லை. அது ஒரு வரைபடம். ஒரு ஊரில் ஒரு வேலிக்குள் இருந்த ஆட்கள், இன்று யார் ஸ்காபரோவில், யார் சூரிச்சில், யார் லண்டனில், யார் இன்னும் ஊரில் என்று ஒரு வசனத்துக்குள் எல்லோரையும் திரும்ப ஒருக்கால் கூட்டி நிறுத்துவது. யார் யாருக்கு என்ன முறை என்று அதில்தான் எழுதியிருக்கும். செத்த வீட்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதும் அதிலிருந்துதான் தெரியும். "பல உறவினர்" என்ற இரண்டு சொல்லுக்குள் நாற்பத்திச் சொச்சம் பேர் காணாமல் போயிருந்தார்கள். அதில் ஒரு பெயர் என் மச்சாளுடையது. பேர்த்திகளின் வரிசையில் ஐந்தாவது.

அவளுக்கு நான் டெலிஃபோனில் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். பெறாமகள் என்றால் யார்? சகலன் என்றால்? எனக்குச் சிலது விளங்கவில்லை. அம்மாவை ஸ்பீக்கரில் போட்டேன். பிரெஞ்சில் 'ஒன்க்ள்', நோர்வேஜியத்தில் 'ஒன்கெல்' என்று ஒரே சொல்லுக்குள் முடிந்துவிடுகிற ஆட்களை அம்மா பெரியப்பா, சித்தப்பா, மாமா, குஞ்சியப்பா என்று பிரித்துப் பிரித்து வைத்தார். நாற்பது நிமிடம் போனது. மூன்று வரியில் முடிந்திருக்கும், உண்மைதான்.

இதற்காக அந்தப் பட்டனைத் திட்டுவது நியாயம் இல்லை. அது இல்லாவிட்டால் என் மச்சாள் அந்த மூன்று வரியைக்கூட வாசித்திருக்க மாட்டாள். அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, அவளுடைய அம்மா சொல்லும்வரை காத்திருந்திருப்பாள். தமிழ்ப் பக்கம் ஒன்றின் முன்னால் எங்கள் வயசு ஆட்கள் நிற்கிற நிலை அது. ஏஐ வேண்டாம் என்று கோபப்படுகிற பலருக்கு இந்த நிலை தெரியாது; அவர்கள் தங்கள் மொழியிலேயே தங்கள் பிரவுசரைப் பாவிக்கிறார்கள். அதேநேரம், எல்லாம் சுருக்கமாக வந்தால் போதும் என்கிற ஆட்களுக்கும் சில வசனங்கள் ஏன் நீளமாக இருக்கின்றன என்பது தெரியாது.

அம்மாவின் லப்டொப்பை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அதை அவரிடமே கேட்டேன். எந்த நேரமும் முன்னுக்கு நிற்கிற பலகையை மூடிவைக்கச் சொன்னார், ஆனால் எடுத்துவிட வேண்டாம் என்றார். மொழிபெயர்ப்பு இருக்கட்டும். பேங்க் வேலைக்கு வேறு ஒரு பிரவுசர், அதில் எந்த உதவியாளும் இல்லை. அதன் ஐகனை மேசைத்திரையின் மறுபக்கத்தில் தள்ளி வைத்திருக்கிறோம். தானாகப் போய்ப் படிவம் நிரப்புகிற, பொருள் வாங்குகிற வசதிகளை அணைத்திருக்கிறோம். டொக்டரின் அறிக்கை வந்தால் அதில் ஒட்டிக் கேட்பதில்லை என்று அம்மா தானாகவே முடிவெடுத்தார். "அது எங்க போகுது எண்டு உனக்கே வடிவாத் தெரியேல்ல" என்றார். அந்தப் பட்டன் தட்டினால் பக்கத்தின் எழுத்து அனேகமாக ஒரு கம்பனியின் சேர்வருக்குப் போகும் என்பது தெரியும் என்றேன். அங்கே போன பிறகு என்று கேட்டார்.

இப்போது டொக்டர் அறிக்கைகள் மட்டும் என்னிடம் வருகின்றன. போன கிழமை ஒன்று வந்தது. கொழுப்பு கொஞ்சம் கூட. மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் சொன்னேன்.